கம்பி விழுந்த பிறகு

ஞாயிறு, 9 நவ.

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. மதியம் சினிமா. இவர், நான், அம்மா, தம்பி மணி. அம்மாவும் மணியும் எங்கள் மாடியில்தான் குடியிருப்பு. படம் முழுக்க அடிதடி. கூடவே வளர்ந்த மைத்துனன் துரோகம் செய்கிறான், ஹீரோ அவனைத் தேடிப்போய் அடிக்கிறான். தியேட்டரே விசில். இவரும் கைதட்டினார்.

மணிக்கு இவருடைய பனியன் யூனிட்டில்தான் வேலை. வெளியே டீ குடிக்கும்போது சொன்னான்: “மச்சான், தையில முதலிபாளையத்துல சொந்தமா யூனிட் போடலாம்னு இருக்கறனுங்க.”

இவர் டீயைக் குடித்து முடித்தார். “செரி” என்றார்.

இந்தப் படத்துக்குப் போன நாளிலா சொல்ல வேண்டும்.

திங்கள்

வெயில். பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ பத்தவில்லை, வாங்க வேண்டும். இவர் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

“அப்பன் போனப்போ மீசைகூட மொளைக்கல அவனுக்கு. கட்டிங், செக்கிங், ஷிப்மெண்ட், எல்லாம் நாஞ்சொல்லிக் குடுத்தது. இன்னைக்கு எனக்கெதிராவே கடை விரிக்கறான்.”

“எதிரா இல்லீங்க. அவனுக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல.”

“நீ எந்தப் பக்கம் பேசற?”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எந்தப் பக்கமும் என் வீடுதானே.

செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

இவருடைய வீரபாண்டி யூனிட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். ஆட்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டிங் ஹாலில் இவரும் மணியும் மட்டும். கட்டிங் மாஸ்டரும் பாதி டெய்லர்களும் மணியோடு போகிறார்கள் என்று இவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

“என் ஆளுகளையும் சேத்துக் கூட்டிட்டுப் போறியாடா?”

“நாங் கூப்பிடலீங்க மச்சான். அவிங்களா வர்றாங்க.”

துணி ரோல் மாட்டும் இரும்புக் கம்பியை இவர் எடுத்தார். முதல் அடி மணியின் தோளில். கத்தினேன், காதில் விழவில்லை. இரண்டாவது அடியை மணி கையால் தடுத்தான். கம்பி கீழே விழுந்தது. அதன் பிறகு, இரண்டு கையாலும் இவர் நெஞ்சில் ஓங்கித் தள்ளினான். கட்டிங் டேபிளின் மூலையில் பின்தலை மோதியது. விரித்திருந்த வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம்.

இவரைத் தூக்கிக் காரில் போட்டதும் மணிதான். “அக்கா, தலைய அமுத்திப் புடிச்சுக்க, உட்றாத.” ஒற்றைக் கையால் ஓட்டினான்.

புதன்

ஆஸ்பத்திரி. பதினோரு தையல். உள்ளே லேசாக ரத்தம் கட்டியிருக்கிறதாம், மருந்திலேயே கரையலாம் என்கிறார் டாக்டர். ‘லாம்’ என்ற அந்த இரண்டு எழுத்தையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் கண் திறக்கிறார், மூடுகிறார். மணி வராந்தாவிலேயே நின்றான். இவருடைய அண்ணன் வந்து அவனை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருக்கும் பெண் போனில்: “சிலிண்டரை மூடுனியா, மூடுனியான்னு கேக்குறேன்.”

வியாழன்

இவருடைய அண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். மணி கம்பியால் அடித்தான் என்று. காலையில் மணியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் அவர் என்னிடம்: “பாத்தது நீ ஒருத்திதான். நீ இந்த ஊட்டு மருமக. கம்பிய எடுத்தது அவந்தான்னு சொல்லிப்போடு.”

அவர் போனதும் அம்மா வந்தாள். “மாப்பிள்ளை தானா வழுக்கி உழுந்துட்டாருன்னு சொல்லு கண்ணு. ஒரே தம்பி சாமி உனக்கு.”

இரண்டு பேரும் பொய்தான் கேட்டார்கள். இரண்டு பேர் கண்ணிலும் நீர். காபி ஆறிப்போனது.

சாயங்காலம் ஸ்டேஷன். பெண் எஸ்.ஐ. நிதானமாகத்தான் கேட்டார். முதலில் ஓங்கியது என் வீட்டுக்காரர் என்றேன். எழுதிக்கொண்டார்.

“உங்க தம்பி தடுத்தாரா, தள்ளுனாரா?”

கண்ணாடிக்கு அப்பால் பெஞ்சில் மணி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தடுத்தானுங்க. கம்பி கீழ உழுந்ததுக்கு அப்பறம் தள்ளுனானுங்க.”

மணி தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளி

மழை. அம்மா துணிப்பையோடு காங்கயத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. இவருடைய அண்ணன் என்னைத் தாண்டிப் போகிறார், வருகிறார், ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இன்று இவருக்கு நன்றாக நினைவு தெளிந்திருக்கிறது. நான் ஸ்டேஷனில் சொன்னதை அண்ணன் சொல்லிவிட்டிருக்கிறார். மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டார்.

“கம்பி உழுந்ததுக்கு அப்பறந்தான் தள்ளுனானா?”

“ஆமாங்க.”

“அது எனக்கு நெனப்பில்ல.” தலைக்கட்டைத் தொட்டுக்கொண்டு, “நான் ஓங்குனது நெனப்பிருக்குது.”

எஸ்.ஐ. வந்தபோது இவர் கேஸ் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் கதவை அறைந்துவிட்டுப் போனார். மதியம் மணியை விட்டுவிட்டார்கள்.

மணி போன் செய்தான். “தள்ளுனதைச் சொல்லாம உட்டிருக்கலாமுல்லக்கா.”

“அப்ப அவரு ஓங்குனதையும் சொல்லாம உட்டிருக்கணும்.”

வைத்துவிட்டான்.

ஞாயிறு, 16 நவ.

நேற்று டிஸ்சார்ஜ். ரத்தக்கட்டு கரைகிறதாம். மாத்திரை காலை இரண்டு, ராத்திரி ஒன்று. குனியக் கூடாது, கோபப்படக் கூடாது.

பத்து மணிக்கு மணி டெம்போவோடு வந்தான், மாடியைக் காலி செய்ய. இவர் ஹாலில் கட்டுப் போட்ட தலையோடு உட்கார்ந்திருந்தார். இவரைத் தாண்டித்தான் படியேற வேண்டும். கட்டில் போனது, பீரோ போனது. கடைசியாக ஒரு இரும்புப் பெட்டி. வாசலில் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“தோளு எப்படி இருக்குது?” இவர்தான் கேட்டார். பார்வை டிவியில்.

“தூக்க முடியலீங்க.”

“சாப்ட்டுட்டுப் போ.”

“வேண்டாமுங்க.”

இவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார், பெட்டியைத் தூக்க. நான் குறுக்கே போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். மணியும் நானும் கேட் வரைக்கும் தூக்கிப் போனோம். டெம்போவில் ஏற்றினோம்.

“போறேன்க்கா” என்றான். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை.

உள்ளே வந்தேன். இவர் நின்றபடியே இருந்தார்.

“என்ன சொன்னான்?”

“போயிட்டு வர்றேன்னு சொன்னானுங்க.”