விளாங்காயில் உடைந்த பல்லும் மூன்று முறை திரும்பிய ஆணையும்

மலை ஓங்குக, மழை அளவறிந்து பொழிக. மாங்குன்ற நாட்டின் பேரமைச்சரும், வெண்மூரல் வேந்தர் கண்டீரரின் ஓலைகளுக்கெல்லாம் பொறுப்பேற்றவளுமாகிய எயினி நங்கை, கருநீர்ப் பேரேரியின் மதகுக் காவலரும், அரசாணைக்கன்றி அணுவளவும் அசையாதவருமாகிய அடலேறனார்க்கு எழுதும் நான்காம் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் நலமுற்றிருக்க. ஏரிக்கரையும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மதகைத் திறக்குமாறு அனுப்பிய மூன்று ஓலைகளையும் பொய்யோலை எனத் தாங்கள் திருப்பினீர்கள். கொணர்ந்த தூதர் மூவரையும் சிறையிலிட்டீர்கள். ஏரி நிரம்பி இன்றோடு ஒன்பது நாள். கீழைக்கரையில் நீர் கசிகிறது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளை மறுநாளுக்குள் மதகு திறவாவிடில் கரை உடையும். அதன் கீழிருக்கும் ஏழு ஊர்களும் அழியும். இது தெரிந்தும் தாங்கள் திறக்கவில்லை. தெரிந்தும் திறக்கச் செய்ய என்னால் முடியவில்லை. இருவரில் எவர் மீது கோபம் கொள்வது என்றே எனக்கு விளங்கவில்லை.

தங்கள் மீது கோபம் கொள்ளவும் வழியில்லை. ஒருவர் பல்வரிசை போல் மற்றொருவர்க்கு அமைவதில்லை என்பதால், அரசர் தேன்மெழுகைக் கடித்துப் பதிக்கும் பல்தடமே நம் நாட்டின் முத்திரை. முடிசூட்டு நாளில் அவர் கடித்த மூலமெழுகு தங்கள் பேழையில் இருக்கிறது. அதனோடு ஒத்துப் பார்த்த பின்னரே மதகு திறக்க வேண்டும் என்பது சட்டம். தங்கள் தந்தையார் ஒருமுறை ஒத்துப் பாராமல் பகைவரின் பொய்யோலைக்கு மதகைத் திறந்தார். விளைந்த வயல்கள் மூழ்கின. அவர் தலையும் போயிற்று. அவர் மகன் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார் என எதிர்பார்த்தது அரண்மனையின் அறிவீனம்.

ஆயினும் தாங்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதை எவர்க்கும் சொல்லலாகாது என அரசர் என்னிடம் உறுதி வாங்கியிருந்தார். சென்ற திங்கள் அரசர் தம் சிறுமகளிடம் விளாங்காயைப் பல்லால் உடைப்பதாகப் பந்தயம் கட்டினார். காய் உடையவில்லை, மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாய் உடைந்தது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லி வைத்த முன்னோர், விளாங்காயைக் குறித்தும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

முதல் ஓலையில் பதிந்தது அந்த உடைந்த பல்லின் தடம். தாங்கள் மறுத்தது முறையே. உண்மையை அன்றே எழுதிவிட வேண்டினேன். அழகிய சிரிப்புக்கென வெண்மூரல் எனப் பட்டம் பெற்ற வேந்தன் பொக்கை என்று மதகுக் கோட்டை வரை பேசப்படுவதோ என அரசர் சினந்தார்.

பெருமருத்துவர் பூழியனாரை அழைத்துத் தீர்வு கேட்டேன். உடம்பில் பல்லின் மேற்பூச்சைப் போல் கடினமானது வேறில்லை என்றார். மகிழ்ந்தேன். எலும்பு முறிந்தால் கூடும், பல் உடைந்தால் கூடாது என்றார். யானைக்கு அரைக்கும் பற்கள் ஆறு முறை முளைக்கும், மனிதர்க்கோ இரண்டே முறை என்றார். குழந்தை கருவில் இருக்கும்போதே அதன் பாற்பற்கள் ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடும் என்றார். நத்தையின் நாவில் ஆயிரக்கணக்கான பற்கள் உண்டு என்றும் அருளினார். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் பாதி என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

பின்னர் தந்தத்தில் ஒரு பல் செதுக்கிப் பொருத்தினோம். அது மெழுகிலேயே சிக்கிக்கொண்டது. அரசர் வாய் திறந்தபோதுதான் அறிந்தோம். அதற்குள் ஓலை புறப்பட்டுவிட்டது. அப்பல்லைப் பொட்டலமாகக் கட்டி, இது யாருடையது எனக் கேட்டுத் தாங்கள் திருப்பியனுப்பியது இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது. மூன்றாம் முறை, அரசரோடு ஒரே நாளில் பிறந்து, பெற்ற தாயே தடுமாறும்படி அவரை ஒத்திருக்கும் இளையவரைக் கடிக்கச் செய்தோம். இரட்டையர்க்கும் பல்வரிசை வேறுபடும் என்பதைப் பூழியனார் அன்று மட்டும் சொல்லவில்லை.

இதற்கிடையில் அரசர் சிரிப்பதை விட்டார். வாய் மூடிய அரசரைக் கண்டு அவையோரும் வாய் மூடினர். சிரிப்பு கொட்டாவி போல் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள், சிரியாமையும் ஒட்டுகிறது. துயர வீடு போல் கிடக்கும் அவையில் ஒரு திங்களாக அமர்ந்திருக்கிறேன், காவலரே. பல் போனால் சொல் போச்சு என்று ஊரார் சொல்வார்கள். இங்கே அரசரின் சொல்லே போயிற்று. அதை அவரிடம் சொல்லத்தான் எவருமில்லை.

இன்று காலை நானே சொன்னேன். ஒரு முன்பல்லை மறைக்க ஏழு ஊர்களைக் கொடுத்த வேந்தர் என்ற பெயர், பொக்கை என்ற பெயரைவிட நெடுநாள் நிற்கும் என்றேன். பதவி போகுமென்றே எண்ணினேன். அப்போது அவர் சிறுமகள் ஓடிவந்தாள்; அவளுக்கும் நேற்றுத்தான் முன்பல் விழுந்திருக்கிறது. தனக்கு முளைத்துவிடும், தந்தைக்குத்தான் முளைக்காது, ஆகவே பந்தயத்தில் தானே வென்றதாக அவள் அறிவித்தாள். அரசர் சிரித்துவிட்டார். அந்த ஓட்டைச் சிரிப்பு அவர் கண்வரை சென்றதை நான் பார்த்தேன். முத்துப்போல் வரிசையாய் இருந்த நாளில்கூட அப்படிச் சென்றதில்லை. எனக்கு அழுகை வந்தது; கோபமும் போகவில்லை.

ஆகவே ஆணை இது. இவ்வோலையின் மெழுகில் இருப்பது உடைந்த பல்லின் தடமே; இனி இந்நாட்டின் முத்திரை இதுவே. உடைந்த பல்துண்டு, ஓலை கொணர்ந்தவர் மடியில் பட்டுத்துணியில் முடிந்திருக்கிறது. அதைத் தங்கள் மூலமெழுகின் முன்பல் பள்ளத்தில் நுனிகீழாக வைத்துப் பார்க்க. பொருந்தாவிடில் தூதர் மூவரோடு நான்காமவரையும் சிறையிலிடுக. என்னையும் பிடித்துவர ஆள் அனுப்புக. பொருந்தினால் மதகை அந்நொடியே திறந்து, தூதரை விடுவிக்க. தங்கள் தந்தையார் செய்யத் தவறியதைத் தாங்கள் மூன்று முறை செய்தீர்கள் என்று அரசவை ஏட்டில் என் கையாலேயே எழுதினேன்.

இனி ஒன்று. ஓலை கொணர்ந்தவர் குடையுமின்றிக் காவலுமின்றித் தங்கள் வாயிலில் நனைந்தபடி, வாய் மூடி நிற்பார். தாமே போவேன் எனப் பிடிவாதம் செய்து குதிரையேறியவர். என் சொல் கேட்கவில்லை. பல்துண்டு பொருந்திய பின்னும் ஐயம் எஞ்சுமாயின், அவரைச் சிரிக்கச் சொல்லுக. வெட்கப்படுவார், விடாமல் மீண்டும் சொல்லுக.

மெழுகு ஆறுமுன் எயினி நங்கை எழுத்திட்டேன். நீர் வழிவிடுக, ஏழு ஊரும் வாழ்க.