வெள்ளித் தாளுக்குள் ரிசீவர்

அண்ணா,

நேற்று உங்கள் ட்ரோனைப் பிரித்தேன். மூடியைக் கழற்றியதுமே தேயிலைத் தூள் வாசம் அடித்தது. ரிசீவரையும் அதன் ஆன்டெனாவையும் சேர்த்து, தூள் பாக்கெட்டின் வெள்ளித் தாளில் மூன்று சுற்றுச் சுற்றி, ஓரத்தை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டியிருக்கிறீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை ஓங்கி அறைந்தேன். கடை வாசலில் செல்போனோடு நின்றவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கட்டபெட்டில் ஒரு டீ ஃபேக்டரிக்கே எலெக்ட்ரீஷியன் நீங்கள். அலுமினியத் தாளுக்குள் அடைத்தால் தூரத்திலிருந்து ரிமோட் சிக்னல் எப்படி உள்ளே போகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? தூளில் ஈரம் ஏறாமல் காக்கும் தாள் ரிசீவரையும் காக்கும் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள்.

இந்த ட்ரோனை வைத்துக்கொண்டு மூன்று மாதம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? ரிமோட்டுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தால் விசிறி நன்றாகச் சுற்றும். ஃபேக்டரிக்குப் பின்னால் சரிவில் பத்து வரிசைச் செடியைத் தாண்டுவதற்குள் ரிமோட் கத்தும், ட்ரோன் செடிமேல் விழும். பேட்டரியை மாற்றினீர்கள். ரிமோட்டை மாற்றினீர்கள். மூடுபனிமேல் பழி போட்டீர்கள், செல்போன் டவர்மேல் போட்டீர்கள், கடைசியில் நான் ஒயர்களுக்கு வைத்த சால்டரிங்மேலேயே போட்டீர்கள். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினானாம் ஒருத்தன். "உள்ள பிரிச்சுப் பாத்துரலாங்கண்ணா" என்று எத்தனை முறை கெஞ்சினேன்!

"அதைய மட்டும் தொட்றாதீங்க தம்பி. பனி உள்ள பூராம கட்டி வெச்சிருக்கறனுங்க. பிரிச்சா மறுக்கா அப்புடி வராது."

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், 'ங்க' போட்டுத்தான் பேசுவீர்கள். அந்த மரியாதைக்கு மயங்கி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

உங்கள் காரியம் முடிந்ததும் ட்ரோனைக் கொண்டுவந்தது அண்ணிதான். "கண்ணுல படறப்பெல்லாம் அழுகையா வருதுங்க. உங்க கடையிலயே கெடக்கட்டும்" என்றார். போகும்போது வாசலில் நின்று கேட்டார். "மழை பேஞ்ச பாறை வழுக்கும்னு அவருக்குத் தெரியாதுங்களா? அங்க எதுக்குங்க ஏறுனாரு?"

எதற்கு ஏறினீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் நீங்கள் போன் செய்தபோது ஒரு செல்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்குரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மறுபடியும் கட்டாகுதுங்க. என்ன பண்ணட்டும்?"

பிரியுங்கள் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லிச் சொல்லி அலுத்திருந்தேன். உங்களை எப்படியாவது போனை வைக்க வைத்தால் போதும் என்றிருந்தது.

"நடுவுல மறைப்பு இருந்தா அப்படித்தாங்கண்ணா. அந்தப் பாறை மேல ஏறி நின்னு பாருங்க."

மூன்று மாதம் நான் சொன்ன எதையும் கேட்காத மனிதர், அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டீர்கள்?

இப்போதெல்லாம் சிக்னல் கிடைக்கவில்லை என்று யாராவது போன் செய்தால், "எங்க நிக்கறீங்க? மொதல்ல கீழ எறங்குங்க" என்று கத்துகிறேன். மொட்டை மாடியில் நிற்பவர்கள்கூட பயந்துபோய் இறங்குகிறார்கள்.

அன்று கடை வாசலில் அண்ணி பதிலுக்காக நின்றார். "தெரியலீங்க அண்ணி" என்றேன்.