என் உடம்பு ஆறும் நாளைத் தலைமையாசிரியர் தீர்மானிப்பது குறித்து

அனுப்புநர்:
சி. பிந்து, வயது 43,
க/பெ சிவபிரசாத்,
சத்துணவுச் சமையலர், அரசு நடுநிலைப்பள்ளி,
கீழப்பத்து, பூதப்பாண்டி வழி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சமையலரை உடல் தேறும் முன்பே வேலைக்கு இழுத்தது, பின்பு வேலையை விட்டே விலக்கப் பார்ப்பது – நான் பணிக்குத் திரும்பும் நாளை உறுதி செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி பள்ளியின் சத்துணவு மையத்தில் பதினோரு வருடமாகச் சமைத்து வருகிறேன். இந்த மனுவை என் கைப்பட எழுதுகிறேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக்கொடுக்கும் பெரியவர் "கருணை கூர்ந்து" என்று தொடங்கினார். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். நான் கருணை கேட்டு வரவில்லை. எனக்குரிய வேலையைக் கேட்டு வந்திருக்கிறேன்.

2. என் எடை நூறு கிலோவைத் தாண்டிப் பல வருடமாகிறது. சர்க்கரை நோய் வந்தது, முட்டி தேய்ந்தது, ராத்திரி படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. நான் வாயைக் கட்டாமல் இல்லை. பட்டினி கிடந்தேன், பத்தியம் இருந்தேன், பூதப்பாண்டி வரை நடந்தே போய் வந்தேன். இறங்கிய எடை இரண்டே மாதத்தில் திரும்ப ஏறியது. என் அம்மாவுக்குச் சர்க்கரையால் காலை எடுத்தார்கள். எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்தேன். அழகுக்காகச் செய்துகொண்டேன் என்று பள்ளியில் பேசுகிறார்கள். அழகுக்காக யாராவது வயிற்றைக் கிழித்துக்கொள்வார்களா என்பதைத் தாங்களே யோசிக்கலாம்.

3. எங்கள் தலைமையாசிரியர் திரு. பகவதியப்பன் அவர்கள் என் எடையைப் பற்றி முன்பெல்லாம் என்ன பேசுவார் என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது. முட்டை இறக்க வரும் ஆட்களின் முன்னால் வைத்து, "சர்க்கார் போடுத அரிசி பிள்ளைகளுக்குச் சேருதோ இல்லியோ, பிந்துக்குச் சேருது, கேட்டியளா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்காது. பிள்ளைகள் சோற்றைத் தின்று கொழுத்தவள் என்றுதானே அதற்கு அர்த்தம்? பதினோரு வருடத்தில் ஒரு முட்டை என் வீட்டுக்கு வந்ததில்லை.

4. பிள்ளைகளுக்கு அதிக நாள் சிரமம் வரக்கூடாது என்று கோடை விடுமுறை தொடங்கும் வரை காத்திருந்து, மே மாதம் திருவனந்தபுரத்தில் சிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையைச் சின்னதாக்கி, சாப்பாடு நேராகக் குடலுக்குப் போகும்படி மாற்றி வைத்தார்கள். எப்போது வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலையென்றால் சில வாரத்தில் போகலாம், அண்டா தூக்குகிற வேலைக்கு மூன்று மாதமாவது ஆகட்டும், அதற்கு மேலும் உன் உடம்பு என்ன சொல்கிறதோ அதைக் கேள் என்றார். இனிப்பு கூடவே கூடாது என்றும் சொன்னார். சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேர்த்து ஊற்றும், கண் இருட்டும், அப்படியே படுத்துக்கொண்டால் தெளிந்துவிடும், பயப்பட வேண்டாம் என்றார். இதை எழுத்திலும் தந்தார். நகல் இணைத்துள்ளேன்.

5. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மருத்துவ விடுப்புக் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் தம் செல்போனில் எதையோ தேடி என் முகத்துக்கு நேரே நீட்டினார். இந்தச் சிகிச்சை செய்தவர்கள் மூன்று வாரத்தில் வேலைக்குப் போகிறார்கள் என்று அதில் போட்டிருந்ததாம். "அமெரிக்காக்காரன் மூணு வாரத்துல போறான், ஒனக்கு என்ன கேடு?" என்றார். அந்த அமெரிக்காக்காரர் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பார் அண்டாவை இறக்கி வைக்கிறவரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதை இன்று தங்கள் முன் கேட்கிறேன்.

6. ஜூலை தொடக்கத்தில், வராவிட்டால் வேறு ஆளைப் போட எழுதிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். என் கணவர் ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் காவலாளி. அவர், "சவத்த விடுட்டி, ஒனக்கு எப்போ ஏலுதோ அப்போ போனா மதி" என்று, உடம்பு தேறிய பிறகு போனால் போதுமென்றுதான் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான்தான் போனேன். சமையல் உதவியாளர் ரெஜிலா என்னை அண்டாவைத் தொடவிடவில்லை. "அக்கா, நீங்க உப்பு புளி மட்டும் பாருங்க, எறக்கி வைக்க நான் இருக்கேன்லா" என்று எல்லாச் சுமையையும் அவளே தூக்கினாள். கடியப்பட்டணத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கூடப்பிறந்தவள்கூட அப்படிச் செய்யமாட்டாள்.

7. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முன்பொரு முறை சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது என்று ஒரு புரளி கிளம்பி, பிள்ளைகள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அதன் பிறகு தலைமையாசிரியர் ஒரு ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்ததும், சமையலர் அவர்கள் முன்னால் நின்று ஒரு பெரிய கரண்டி நிறையச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். வாய் காலியானதும் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து "அக்கா தின்னாச்சு!" என்று கத்துவார்கள். அதற்குப் பிறகுதான் பரிமாறுவோம். எனக்கும் அது பிடித்த வழக்கம்தான், பொய் சொல்லமாட்டேன். விதிப்படி ஆசிரியர் ஒருவரும் ருசி பார்க்க வேண்டும். அதைத் தலைமையாசிரியர் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அவர் ருசி பார்த்து நான் கண்டதில்லை. அவருக்கு வீட்டிலிருந்து டிபன் வரும்.

8. சிகிச்சைக்குப் பிறகு நான் ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்து மென்று காட்டினேன். பிள்ளைகள் அதற்கும் கத்தினார்கள். ஜூலை பதினைந்து, கல்வி வளர்ச்சி நாள். சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் வந்திருந்தார்கள், போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தது. இனிப்பு எனக்கு ஆகாது, இன்று ரெஜிலா சாப்பிட்டுக் காட்டட்டும் என்று காலையிலேயே தலைமையாசிரியரிடம் சொன்னேன். சரியென்று தலையாட்டினார். ஆனால் எல்லோரும் கூடியதும் பெரிய கரண்டியை என் கையில் கொடுத்து, "சமச்சவளே தின்ன மாட்டேன்னா பிள்ளைகள் எப்படித் தின்னும்? நெறைய எடு, போட்டோவுல தெரியணும்" என்றார். அத்தனை பிள்ளைகளும் தட்டைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெய் வாசம் அவர்களை உட்காரவிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

9. பிள்ளைகள் "அக்கா தின்னாச்சு!" என்று கத்தியது என் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, வேர்வையில் சேலை நனைந்தது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சொன்னதுபோல் அங்கேயே தரையில் படுத்துக்கொண்டேன். உடனே தலைமையாசிரியர் "விஷம்! பொங்கல்ல விஷம்!" என்று அலறிவிட்டார். பிள்ளைகள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அண்டாவைக் கவிழ்க்கச் சொன்னார். ரெஜிலா அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சார், பொங்கலுக்கு ஒரு கேடுமில்ல, அக்காளுக்குத்தான் இனிப்பு ஆவாது, இன்னா பாருங்க" என்று கையால் அள்ளி அள்ளித் தின்று காட்டினாள். அவளைப் பிடித்து இழுத்துவிட்டு, பொங்கல் முழுவதையும் தென்னை மரத்தடிக் குழியில் கொட்டினார்கள். பாசிப்பருப்பு, வெல்லம், நெய், அண்டிப்பருப்பு (முந்திரி) எல்லாம் போயிற்று. படுத்தபடியே அதைப் பார்த்தேன். என் உடம்பு நடுங்கியதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

10. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எனக்குத் தெளிந்துவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்து பேசியும் யாரும் கேட்கவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளைகூட ஒரு பருக்கை சாப்பிடாத நிலையில், சாயங்காலம் என் வீட்டு வாசலில் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். "ஏட்டி பிந்து, எனக்க பிள்ளைக்கு என்னத்தட்டி கலக்கிக் குடுத்த?" என்று கேட்டவள், தன் மூத்த பிள்ளையையும் என் கைச் சாப்பாட்டில் இதே பள்ளியில் படிக்கவைத்தவள். அண்டா அடியில் ஒட்டியிருந்த பொங்கலைச் சோதனைக்கு எடுத்துப் போன உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், அதில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த முடிவைப் பள்ளிப் பலகையில் ஒட்டும்படி கேட்டேன். இன்று வரை ஒட்டவில்லை. ரெஜிலாதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

11. அன்று தொட்டு டாக்டரம்மா சொன்னபடி மீண்டும் விடுப்பில் இருக்கிறேன். ஆகஸ்டு மாதம் தலைமையாசிரியர் என்னை அழைத்து, உடல் தகுதி இல்லாததால் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். "ஒரு கரண்டி தின்ன ஏலாதவ சமையலுக்கு எதுக்கு?" என்றார். ஐயா, இதைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். குண்டாக இருந்தபோது பிள்ளைகள் சோற்றைத் தின்கிறேன் என்றார். இப்போது தின்னவில்லை என்பதால் தகுதியில்லை என்கிறார். நான் தின்றாலும் குற்றம், தின்னாவிட்டாலும் குற்றமென்றால் நான் வேறு என்னதான் செய்வது? கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

12. நான் இப்போது நன்றாக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. முட்டி வலி பாதியாகிவிட்டது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறேன். அதைச் செய்து எத்தனை காலமாகிறது என்று எனக்குத்தான் தெரியும். என்றாலும் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் அடிவயிறு இன்னும் இழுக்கிறது, ஆகவே இன்றைக்கே வேலைக்கு வரமாட்டேன். ஜூலையில் வேறொருவர் சொன்ன நாளில் போய் நான் பட்டது போதும். டாக்டரம்மாவிடம் கலந்து பேசி, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அக்டோபர் ஆறாம் தேதி பணிக்குத் திரும்புவதென்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்:

(அ) அக்டோபர் ஆறாம் தேதி வரையிலான என் மருத்துவ விடுப்பை ஏற்று, என் இடத்துக்கு வேறு ஆள் போடும் முயற்சியை நிறுத்த வேண்டும்.

(ஆ) பொங்கலில் குறையில்லை என்ற சோதனை முடிவைப் பள்ளிப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும்.

(இ) நான் ஒரு தேக்கரண்டி ருசி பார்த்தால் போதும், இனிப்பு நாளில் ரெஜிலா பார்ப்பாள் என்பதை எழுத்தில் தர வேண்டும். சமையல் ருசி கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்கு நுனிக்கும் தெரியும். அதற்கு வயிறு நிறைய வேண்டியதில்லை.

(ஈ) ஜூலை பதினைந்து அன்று பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போன சர்க்கரைப் பொங்கலை, நான் திரும்பும் நாளில் வைத்துக்கொடுக்க அனுமதிக்க வேண்டும். அன்று என் வாசலில் வந்து ஏசிய தாய்மார்களே இப்போது வெல்லமும் தேங்காயும் தருவதாக ஏற்றிருக்கிறார்கள். என்னத்தைக் கலக்கினாய் என்று கேட்டவள் நெய் தருகிறாள்.

தங்கள் உத்தரவு வந்தாலும் சரி, வரத் தாமதமானாலும் சரி, அன்று காலை நான் அடுப்படியில் இருப்பேன். என்னை வெளியேற்ற வேண்டுமானால் பொங்கல் வைக்கும் அடுப்பின் முன்னாலிருந்துதான் வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அன்று விதிப்படி ஆசிரியர் ருசி பார்க்கும் முறை நடக்க வேண்டும். பெரிய கரண்டி நிறையப் பொங்கலைத் திரு. பகவதியப்பன் அவர்கள் பிள்ளைகளின் முன்னால் நின்று சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது, விசாரித்துவிட்டேன். அவர் வாய் காலியாகி, பிள்ளைகள் அத்தனை பேரும் "சார் தின்னாச்சு!" என்று கத்தினால்தான் நான் பரிமாறத் தொடங்குவேன்.

இணைப்பு: மருத்துவர் சான்று நகல், சோதனை முடிவு நகல், நான் கையெழுத்துப் போடாத தாள்.

இடம்: நாகர்கோவில்
நாள்: 15.09.2025

இப்படிக்கு,
கீழப்பத்து பள்ளி அடுப்படியை விட்டுக்கொடுக்காத,
சி. பிந்து