வேப்பமரத்தடியில் வெள்ளிச் சிலை

ஆவணி, செவ்வாய் இரவு.

கண்ணை மூடினால் முருகேசன் அண்ணன் வேப்பமரத்தடியில் படுத்திருக்கிறார். உடம்பெல்லாம் நேற்றைய அலுமினியத் தூள். இலைகளுக்கு நடுவே வெயில் அசைய, வெள்ளிச் சிலை மூச்சு விடுவதுபோல் இருக்கிறது.

பட்டாசு ஆலையில் எங்கள் அறைக்கு வெடிமருந்து கலப்பவர் அவர். இன்று காலையிலேயே குடித்துவிட்டு வந்திருந்தார். நான்தான் அங்கே படுக்கவைத்தேன். போர்மேனிடம், "அண்ணனுக்குக் காய்ச்சல்" என்றேன். அவர் குனிந்து நெற்றியைத் தொட்டார். வாடை தெரியாமல் இருந்திருக்காது.

"தீபாவளி ஆர்டர் நிக்கிதும்மா. உன் மோரைக் குடுத்து எழுப்பி விடு."

கொடுத்தேன். அண்ணன் எழுந்து, தண்ணீரில் மிதப்பவர்போல் அறைக்குள் போனார். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடவில்லை. உடம்பின் மின்சாரம் அதில் இறங்காமல் யாரும் மருந்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது.

"அண்ணே, தகட்டைத் தொட்டுட்டுப் போங்க!" என்று கத்தினேன். திரும்பி வந்து இரண்டு கையையும் அதில் வைத்துச் சிரித்தார்.

"போதுமா தாயி?"

சாயங்காலம்வரை ஒன்றும் நடக்கவில்லை. அதனாலேயே நாளைக்கும் எழுப்பச் சொல்வார்கள். தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நாளைக்கு மோர் கொண்டுபோக மாட்டேன்.