கோணல் சுவரும் நைனாவின் வலது கண்ணும்

உத்திரமேரூர்
12-8-1984

அன்பு மகன் தானியேலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இங்கே சுகம், பம்பாய் மழையில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் நைனாவுக்குக் கண் நன்றாகிவிட்டது. கண்ணுக்கு என்ன ஆச்சு என்று பதறாதே, பதறுவாய் என்றுதான் மூன்று மாதமாக எழுதவில்லை.

உன் கல்யாணத்துக்கு என்று பின்பக்கம் அறை கட்ட ஆரம்பித்தாரே, அங்கேதான் தெரிந்தது. சுவருக்கு நேர் பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இடது கண்ணை மூடிப் பார்த்தவர், நூல் நடுவில் வளைகிறது என்றார். குண்டு கட்டிய நூல் எங்கேயாவது வளையுமா? புது நூல் கட்டினார், அதுவும் வளைந்ததாம். கூட வேலை செய்யும் வேதகிரி, நூலு நேராத்தான் கீது மேஸ்திரி என்று சொன்னதற்கு, முப்பது வருசமா கட்றேன், எனுக்கே சொல்றியா என்று சண்டை. குண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் கண்ணாலேயே கிழக்குச் சுவரை எழுப்பிவிட்டார், அவர் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே. ஒரு நாள் என்னையும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இன்னாமே, உன் மூக்கு கோணிக்கினு கீது என்றார். எனக்குப் பகீரென்றது. அன்றைக்கே இழுத்துக்கொண்டு பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன், கொத்தனாருக்குக் கண் போனால் கை இருந்து என்ன பிரயோஜனம் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன்.

மேலே எல்லாம் சுத்தம், கோளாறு உள்ளே அடியில் என்றார் டாக்டரம்மா. கையில் மஞ்சள் மருந்து ஊசி போட்டு, அது கண்ணுக்குள் ஓட ஓடப் படம் எடுத்தார்கள். படத்தில் பார்வைத் திரைக்கு அடியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி, அங்கே நீர் கசிந்து திரையைத் தூக்குகிறதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் நைனாவோ, செவுத்துல ஓதம் ஏறிப் பூச்சு உப்பிக்கிற மாதிரி, அவ்ளோதானே என்றாரே பார், அந்த அம்மா சிரித்துவிட்டார். வீடு திரும்பினால் ஆள் உடம்பெல்லாம் மஞ்சள், ஒண்ணுக்கும் மஞ்சள். ஊசி மருந்துதான் அப்படி இறங்கும் என்று நர்ஸ் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை, காமாலை என்று கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மஞ்சள் போனது, என் கைவைத்தியம்தான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் அந்தப் புள்ளியில் வெளிச்சத்தால் சூடு வைத்துக் கசிவை அடைத்தார்கள், பார்வை திரும்ப நாளாகும், பொறுங்கள் என்றார்கள். அந்த நாட்களில் நான் செய்த ஜெபம் ஆண்டவருக்கே அலுத்திருக்கும்.

இன்று காலை கோயிலுக்குக் கிளம்பினால் ஆளைக் காணோம். பின்பக்கம் தூக்குக்குண்டோடு நிற்கிறார். இங்க வாமே, நூலு நேரா கீது, செவுருதான் கோணலா கீது என்று குதிக்கிறார்! தான் கட்டிய சுவர் கோணல் என்று குதித்த கொத்தனாரை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேதகிரி வீட்டுக்கே போய், நீ சொன்னதுதான் சரிடா என்று சொல்லிவிட்டு வந்தார். நாளைக்கு இருவரும் சேர்ந்து இடிக்கிறார்கள்.

நீ வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போட மறக்காதே. லீவுக்கு இப்போதே எழுதிப் போடு, நீ வருவதற்குள் சுவர் நேராக நிற்கும். கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காப்பாராக.

இப்படிக்கு,
மூக்கு நேராகிவிட்ட உன் அம்மா
ஜெயம்மாள்