பாலம் வெடிக்கும் காட்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நேற்று அண்ணி போனில் பேசினாள். என் மகளைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறாள், அந்தக் கவலை எனக்கு இல்லை. அப்பா வெளிநாட்டில் ஷூட்டிங்கில் இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம். யாரும் திருத்தவில்லையாம்.

எல்லையைத் தாண்டி வந்த நான் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். டயர் கடைக்கு மேலே ஒரு அறை. பகல் முழுக்கக் கீழே சுத்தியல் சத்தம். நான் முன்பு போட்ட கடிதங்கள் உனக்கு வந்து சேர்ந்தன என்று அண்ணி சொன்னாள். நான் போன் செய்தால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்று நீயே அவளிடம் சொன்னாயாம். அதனால் இதில் கோபமாக எதுவும் எழுதப்போவதில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

உன் இரண்டாவது படத்துக்கு இடம் பார்க்கத்தான் உன் மாப்பிள்ளையை, என் வீட்டுக்காரரை, இந்த நாட்டுக்கு அனுப்பினாய். அவரும் ஆற்றுக்கு மேலே இருக்கிற ரயில் பாலத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்திருக்கிறார். தூண்களுக்கு அடியில்கூட இறங்கியிருக்கிறார். காவலர்கள் பிடித்தபோது பையில் உன் திரைக்கதை இருந்தது. எந்தத் தூணில் வெடி வைப்பது, காவல் எப்போது மாறும், உளவாளி எந்த வழியாகத் தப்புவான், எல்லாம் அதில் இருக்கிறது. பாலத்தின் பெயரைக்கூட நீ மாற்றவில்லை, அண்ணா. அவர் கழுத்தில் தொங்கிய, வெளிச்சம் அளக்கிற லைட் மீட்டரை ஏதோ கருவி என்று திருகித் திருகிப் பிரித்தே போட்டுவிட்டார்களாம்.

சினிமா என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றுதான் ஓடி வந்தேன். விசாரிக்கிற அதிகாரி தலை நரைத்தவர். நம் மொழி பேசுகிறார். குரலை உயர்த்துவதே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ நிஜமாகவே படம் எடுக்கிறவன் என்று நம்பட்டும் என்று உன் முதல் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். நம் ஊரில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்காத படத்தை மனிதர் அசையாமல் பார்த்தார். கடைசியில் உன் பெயரும், அதற்குக் கீழே ‘முழுவதும் சொந்தக் கற்பனை’ என்ற எழுத்தும் வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

“உங்க அண்ணன் மண்டையில உதிச்ச கதைன்னா, எங்க பாலத்தை உடைக்கிற யோசனையும் அங்கதானே உதிச்சிருக்கு?” என்று கேட்டார்.

பிறகு அண்ணியிடம் சொல்லி நீ இந்தக் கதையை எடுத்த நாவலை உன் அலமாரியிலிருந்து வரவழைத்தேன். உலகமே படிக்கிற உளவாளிக் கதை வரிசை இது, என் அண்ணன் ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும்தான் மாற்றினான் என்று பக்கத்துக்குப் பக்கம் காட்டினேன். இந்த உளவாளியைத் திருடாத நாடு கிடையாது என்று நீ சிரித்துச் சிரித்துச் சொல்வாயே, அதையும் சொன்னேன். யாரும் கேள்விப்படாத படங்களாகத் தேடிப் பிடித்துக் கேசட் வைத்திருப்பாயே, அவற்றையெல்லாம் சொன்னேன். ஒரு நாட்டில் அவன் வேட்டைக்காரன், ஒரு டிவி நாடகத்தில் ஓயாமல் தும்முகிறவன், இன்னொன்றில் பாதிப் படம் பாட்டுப் பாடிவிட்டு அப்புறம்தான் உளவு பார்ப்பான். சிரிக்க வேண்டிய விஷயத்தை அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி புத்தகத்தை மூடிவிட்டு, சின்ன வயதில் தானும் அப்படி ஒரு படம் பார்த்ததாகச் சொன்னார். அவர்கள் நாட்டுப் படமாம். ஆளுக்குப் பெரிய மீசை, ஆனால் பாலம் இதே மாதிரிதான் வெடித்ததாம். எனக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. ஆனால் அவர் சொன்னார், தான் நம்புவது வேறு, நீதிபதி நம்புவது வேறு. ஒத்துப்போகிற புத்தகத்தை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்து வரலாம். எழுதிய ஆளே நேரில் வந்து, அனுமதி இல்லாமல் அந்த நாவலிலிருந்துதான் எடுத்தேன் என்று சொன்னால், தடை செய்த இடத்தில் படம் எடுத்த குற்றத்தோடு போய்விடும் என்றார். கடிதம் போதாதா என்று கேட்டேன். ஆள் வேண்டும் என்றார்.

அது உனக்கு எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்குத் தெரியும். முதல் படத்தையும் அதே வரிசையிலிருந்து எடுத்தாய் என்று நாவலாசிரியரின் வாரிசுகள் உன் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு வரிகூடத் திருடவில்லை என்று நீ கோர்ட்டில் சொல்லியிருக்கிறாய். இங்கே வாயைத் திறந்தால் அங்கே தோற்றுப்போவாய். தயாரிப்பாளர் கைகழுவிவிடுவார். உனக்கு மூன்றாவது படம் என்று ஒன்று இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்போது கேள். திங்கட்கிழமை என் வீட்டுக்காரரைப் பார்க்க விட்டார்கள். கேமராவைப் பிடித்தால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறவர், தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் சட்டை நனைந்தது. திரைக்கதையைத் தானே எழுதியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“மச்சான் பேரு ஒருதரம் கெட்டா அப்புறம் எழுந்திரிக்க மாட்டார்மா. நான் கேமராக்காரன். என் பேரு யாருக்குத் தெரியும்?” என்றார்.

யார் எழுதினால் என்ன, சினிமாதானே என்று அவர் நினைத்திருக்கிறார். அவர்களுக்கோ பாலத்தைப் படம் எடுத்தவனும் வெடிக்கத் திட்டம் போட்டவனும் ஒரே ஆளாகிவிட்டான். அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை. இப்படியே போனால் மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போனாலும் அவர் வெளியே வரமாட்டார் என்று வக்கீல் சொல்கிறார்.

வந்தால் உன்னையும் பிடித்து வைப்பார்களா என்று அதிகாரியிடம் கேட்டேன். கதை திருடுகிறவனைப் பிடிப்பது தன் வேலை இல்லை என்றார். அப்படியே எழுதித் தருவீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இதை மறைத்து உன்னை வரவழைக்க எனக்கு மனம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ வருவாய் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு என்னைத் திட்டு. வந்து திட்டு.

நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் உன் தங்கைதான் என்று எழுதி முடிக்க நினைத்தேன். அந்த வரியை எழுதி, படித்துப் பார்த்து, அடித்துவிட்டேன். பொய் எழுதக் கை வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். எந்த வண்டியில் ஏறினாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறு, ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
தங்கை