ஷவர் சுவருக்கு அந்தப் பக்கம்

வடக்கனந்தல்,
தை மாதம்.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் பொழுது எப்படியோ போகிறது, அங்கே கத்தாரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சரியாயிடும்மா என்று வைத்துவிடுகிறாய், அப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தும் கரும்பு வெட்ட ஆள் இல்லை, அது கிடக்கட்டும்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை விழுந்த பிறகு, சொம்பெடுத்து ஊற்றிக்கொள்ள முடியாதே என்று நீ லீவில் வந்து ஷவர் வைத்துக் கொடுத்தாய். யார் துணையும் இல்லாமல் தானே குளித்துவிட்டு வந்தார், அவருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உன் சித்தப்பா வீட்டு அறை, பாகம் பிரித்தபோது இரண்டு வீட்டுக்கும் பொதுவாக விட்ட சுவர். பிரசவத்துக்கு வந்த சித்தப்பா மகள், உன் தங்கச்சி இலக்கியா கைக்குழந்தையோடு அங்கேதான் படுத்திருந்தாள். ஓதம் ஏறியபோது கல்வராயன்மலைப் பக்கம் பிடித்த மழையால் என்றுதான் இருந்தோம். மழை விட்டும் காயவில்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கப் போன அன்றுதான் பார்த்தேன், சுண்ணாம்பு உதிர்ந்து கருப்புக் கருப்பாய்ப் பூஞ்சை, ஒரே வாடை, குழந்தைக்கு மூச்சு கர்கர் என்று இழுக்கிறது. உன் சித்தி பச்சையம்மாளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, அப்பா குளிக்கும் நேரம் பார்த்துத் தூளியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏன்டி சொல்லவில்லை என்றால், மாமா இத்தினி நாள் கழிச்சி தானா குளிக்கறாரு, அதப் போயி எப்டிக்கா வாணாம்னு சொல்றது என்கிறாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

நீ சொன்னபடி டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைத்தும் நிற்கவில்லை. அந்த டைல்ஸை ஒட்டிய கொத்தனார் பழனியை வரச் சொல்லி ஒரு டைல்ஸைப் பெயர்த்தால் பின்னால் செங்கல் ஊறிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்காமல் இருக்க அடிக்கும் மருந்தைத் தரைக்கும் சுவரில் முழங்கால் உயரத்துக்கும்தான் அடித்திருக்கிறான். நம்மூர்ல குந்திக்கினு மொண்டு ஊத்திக்கறதுதாங்க, தலைக்கு மேலேர்ந்து செவுத்துல அடிக்கும்னு தோணலீங்க என்று தலையைச் சொறிகிறான். எனக்குந்தான் தோன்றவில்லை, அவனை என்ன திட்டுவது. சித்திரையில் நீ வரும்வரை உடைக்காதே என்றாய், நான் உடைத்துவிட்டேன். கோபப்பட்டால் படு. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு மேலே வரைக்கும் மருந்தடித்துத்தான் திரும்ப ஒட்டவேண்டுமாம், அவசரப்பட்டால் மறுபடியும் இதே கதைதான். இலக்கியாவும் குழந்தையும் இப்போது உன் அறையில் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், இன்னும் இழுப்பு நிற்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பா குளிக்கவே மாட்டேன் என்கிறார். நேற்று கெஞ்சிப் பின்பக்கம் நாற்காலியில் உட்காரவைத்து ஊற்றினேன். எனக்கும் முதுகு விட்டுப்போகிறது, அலுத்துவிட்டதடா.

நேரத்துக்குச் சாப்பிடு, நல்லா இருடா. டைல்ஸைப் பற்றிக் கேட்டு எனக்கு போன் பண்ணாதே, இலக்கியாவுக்குப் பண்ணு. எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவளும் அவள் அம்மா மாதிரி பரவாயில்லை என்றுதான் சொல்வாள். போனைக் குழந்தையின் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி நீயே கேள்.

உன் அம்மா
தங்கமணி